வாசகர் வெட்டி வைக்கும் பக்கம்: வீட்டு அலங்காரச் சஞ்சிகைகள் தரும் வியாபாரப் பாடம்

ஒரு சஞ்சிகையை வாசித்து முடித்த பின்னர் வீட்டில் அதற்கு என்ன நடக்கின்றது என்று பாருங்கள். அதன் பெறுமதி தெரிந்துவிடும். அரசியல் சஞ்சிகை அடுத்த கிழமையே பழையதாகிவிடும். சினிமாச் சஞ்சிகை பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வராது. ஆனால் வீட்டு அலங்காரம், சமையல், தோட்டம் என்று வரும் சஞ்சிகைகள் வருடக்கணக்கில் அலுமாரியில் கிடக்கின்றன. அவற்றில் சில பக்கங்கள் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டு ஒரு பைலுக்குள் பத்திரமாக இருக்கும்.

எந்தப் பக்கம் வெட்டப்படுகின்றது, எது அப்படியே புரட்டப்பட்டுப் போகின்றது என்பதே இந்த வாரப் பாடம். நமது வாசகர்களில் தளபாடம், பெயின்ட், தரை ஓடு, மின்விளக்கு, பாத்திரம், திரைச்சீலை என்று வீட்டுக்குத் தேவையான பொருட்களை விற்பவர்கள் அதிகம். அவர்களுக்கு இது நேரடியாகவே உதவும். மற்றைய வியாபாரிகளும் தமக்கு ஏற்றவாறு எடுத்துக்கொள்ளலாம்.

நான் திரைச்சீலைத் துணி வியாபாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கின்றேன். முன்னர் சஞ்சிகையில் இருந்து கிழித்த பக்கத்தோடு கடைக்கு வருவார்கள். இப்போது கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டுகின்றார்கள். படம் வந்த வழி மாறியிருக்கின்றது, அவர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை. “இது எங்கட வீட்டுக்குச் சரி வருமா நானா?” என்பதுதான் அந்தக் கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் சஞ்சிகையே நிலைக்கின்றது.

ஒரு விவசாயச் சஞ்சிகைக்காரரின் வெற்றி

அமெரிக்காவின் ஐயோவா மாநிலம் சோளமும் பன்றி வளர்ப்பும் நிறைந்த விவசாயப் பகுதி. அங்குள்ள டெ மொயின் நகரில் எட்வின் மெரிடித் என்பவர் 1902இல் விவசாயிகளுக்காக ஒரு சஞ்சிகையை ஆரம்பித்தார். “சக்சஸ்ஃபுல் ஃபார்மிங்” என்பது அதன் பெயர். அதில் வரும் விளம்பரத்தை நம்பி ஏமாந்த வாசகருக்கு நட்டத்தை ஈடுசெய்வதாக அவர் உத்தரவாதம் கொடுத்தார். அக்காலப் பத்திரிகைகளில் சர்வரோக நிவாரணி விளம்பரங்கள் மலிந்து கிடந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் துணிச்சல் விளங்கும். 1920இல் அவர் அமெரிக்க அரசின் விவசாயச் செயலாளராகவும் நியமிக்கப்பட்டார்.

அரசாங்கப் பதவியில் இருந்து விலகிய பின்னர், 1922இல் வீடு, தோட்டம் தொடர்பான ஒரு சஞ்சிகையை வெளியிட்டார். முதலில் “ஃபுரூட், கார்டன் அன்ட் ஹோம்” என்று பெயர். 1924இல் அது “பெட்டர் ஹோம்ஸ் அன்ட் கார்டன்ஸ்” என்று மாறியது. இப்பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். முதற் பெயர் பொருட்களின் பட்டியல் போன்றது. இரண்டாவது பெயர் வாசகருக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கின்றது: உங்கள் வீடு இப்போது இருப்பதைவிடச் சிறப்பாகும்.

அப்போது பெண்களுக்கான பெரிய சஞ்சிகைகள் தொடர்கதைகளையும் புதிய உடை மாதிரிகளையும் நம்பியே விற்பனையாகின. இந்தச் சஞ்சிகையில் இரண்டும் இல்லை. இருந்தும் 1928இல் அது பத்து இலட்சம் பிரதிகளை எட்டியது. கதையும் உடை நாகரிகமும் இல்லாமல் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் அமெரிக்கச் சஞ்சிகை என்று அதைச் சொல்வார்கள். அந்த வருடமே மெரிடித் காலமானார். சஞ்சிகையோ 2022இல் நூறு வருடத்தைப் பூர்த்தி செய்தது.

இதன் இரகசியம் சாதாரணமானது. கோடீஸ்வரரின் மாளிகையை அது காட்டவில்லை. சம்பளக்காரர் ஒருவர் கட்டக்கூடிய வீட்டின் வரைபடம், நடக்கூடிய மரம், சமைக்கக்கூடிய உணவு ஆகியவற்றைக் கொடுத்தது. 1930இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தை வளையம் போட்டுக் கட்டினார்கள். மேசையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாது, புதிய தாள்களையும் இடையில் சேர்க்கலாம். இரு கையிலும் மா ஒட்டியிருக்கும் பெண்ணை மனதில் வைத்துச் செய்த வேலை அது.

படத்தில் தன் வீட்டைக் காண வேண்டும்

வாசகர் ஒரு படத்தைப் பார்த்ததும் இரண்டு எண்ணங்களில் ஒன்று வரும். ஒன்று, “என்ன அழகான வீடு!” மற்றது, “நம்மட ஹோலிலயும் இப்படிச் செய்யலாமே!” முதலாவது எண்ணத்தில் ஒரு நிமிடம் மகிழ்ச்சி உண்டு. இரண்டாவது எண்ணம் வந்தவர்தான் கத்தரிக்கோலைத் தேடுகின்றார்.

இதனாற்தான் “முன்னர் – பின்னர்” என்று இரண்டு படங்களை அருகருகே போடும் பக்கம் எந்த நாட்டிலும் தோற்பதில்லை. முதற் படத்தில் உள்ள மங்கிய சுவரும், வெளியே தெரியும் வயர்களும், மூலையில் குவிந்த சாமான்களும் வாசகரின் சொந்த வீடு. அங்கிருந்து இரண்டாவது படத்துக்கு எப்படிப் போனார்கள் என்று படிப்படியாகக் காட்டும்போது அவருக்கும் ஒரு வழி திறக்கின்றது.

பணக்கார வீடுகளைக் காட்டும் சஞ்சிகைகளிலும் இந்த உண்மை உண்டு. பிரித்தானியாவில் 1981இல் ஆரம்பித்த “த வேர்ல்ட் ஒஃப் இன்டீரியர்ஸ்” சஞ்சிகையின் முதல் ஆசிரியர் மின் ஹொக் என்ற பெண்மணி. அரண்மனையையும் ஏழையின் குடிசையையும் ஒரே இதழில், ஒரே மரியாதையோடு போட்டார். உரிந்த பெயின்ட், பழைய கதிரை, குவிந்த புத்தகங்கள் எல்லாம் படத்தில் இருந்தன. அங்கு மனிதர் வாழ்கின்றார் என்பது தெரிந்தது. கடைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்ததுபோன்ற வீட்டைவிட அது மனதில் நிற்கின்றது.

நமது நாட்டுக்கு இன்னொரு விடயம் இருக்கின்றது. குளிர் நாட்டுச் சஞ்சிகையில் வரும் கனத்த வெல்வெட் திரைச்சீலை அங்கு குளிரைத் தடுப்பதற்கு. இங்கு நமக்குக் காற்று வர வேண்டும், பிற்பகல் வெயில் வரக்கூடாது, வெளியே போகிறவருக்கு வீட்டின் உட்புறம் தெரியக்கூடாது. ஒரு பெண்பிள்ளை அப்படியான படத்தைக் கொண்டு வந்தால், “மகள், ஜன்னல் எந்தப் பக்கம்? மேற்கா?” என்றே முதலில் கேட்பேன். மேற்கு என்றால் ஒரு துணி, பாதைப் பக்கம் என்றால் இன்னொரு துணி. இந்தக் கேள்வியை ஒரு சஞ்சிகை தன் பக்கத்திலேயே கேட்டால் அது நமது சஞ்சிகை. வெளிநாட்டுப் படத்தை மட்டும் அச்சிட்டால் அது வெறும் படப் புத்தகம்.

கணக்குச் சொல்லும் பக்கம்

அதிகம் வெட்டப்படும் பக்கம் எது தெரியுமா? அழகான பக்கத்தைவிட, அளவும் கணக்கும் உள்ள பக்கமே. இரண்டு உதாரணங்கள் தருகின்றேன்.

ஆறு அடி அகலக் கம்பிக்குத் திரைச்சீலை தைக்க எவ்வளவு துணி வேண்டும்? சுருக்கு அழகாக விழுவதற்குக் கம்பியைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 12 அடி அகலம் வேண்டும். துணியின் அகலம் 54 அங்குலம், அதாவது நாலரை அடி. எனவே மூன்று துண்டுகள் தேவை. உயரம் 7 அடி என்றால் மேல், கீழ் மடிப்புக்கு ஓர் அடி சேர்த்து 8 அடி. மூன்று துண்டுக்கு 24 அடி, அதாவது 8 யார். பூ வேலைப்பாட்டைப் பொருத்த வேண்டிய துணியாயின் இன்னும் கொஞ்சம் கூடும்.

அடுத்தது பெயின்ட். 10 அடிக்கு 12 அடி அறை, சுவர் 10 அடி உயரம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. நல்ல சுவரில் ஒரு லீட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போகும். ஆகவே ஒரு பூச்சுக்கு 4 லீட்டர், இரண்டு பூச்சுக்கு 8 லீட்டர்.

இந்தக் கணக்குகள் தெரிந்த வாடிக்கையாளரைக் கண்டு சில கடைக்காரர்கள் பயப்படுகின்றார்கள். எனது அனுபவம் வேறு. கணக்குத் தெரிந்தவர் துணிந்து வாங்குகின்றார். தெரியாதவர் “வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று போய்விடுகின்றார். தேவைக்கு அதிகமாகத் துணி வெட்டிக் கொடுக்கப்பட்டவர் வீட்டில் மிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடையை நினைப்பார். எப்படி நினைப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கணக்கோடு விலையும் வேண்டும். எங்கு வாங்கலாம், ஏறத்தாழ என்ன செலவு, விலை கூடிய பொருளுக்குப் பதிலாக எதைப் பாவிக்கலாம் என்ற மூன்றும் இருந்தால் வாசகருக்கு அந்தப் பக்கம் ஒரு கருவியாகின்றது.

எழுதியது யார், விற்றது யார்?

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகின்றோம். வீட்டுச் சஞ்சிகைகள் விளம்பரத்தில்தான் வாழ்கின்றன. பெயின்ட் கொம்பனியும் தரை ஓட்டுக் கொம்பனியும் பணம் கொடுக்காவிட்டால் அவை அச்சேறாது. ஆனால், ஆசிரியர் “இது நல்லது” என்று எழுதுவது பணம் வாங்கியதாலா, பாவித்துப் பார்த்ததாலா என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் வாசகர் திரும்பி வரமாட்டார்.

அமெரிக்காவில் 1885இல் தோன்றிய “குட் ஹவுஸ்கீப்பிங்” இதற்கு ஒரு வழி கண்டது. 1900இல் சொந்தமாகப் பரிசோதனை நிலையம் ஒன்றை அமைத்து, வீட்டுப் பொருட்களைப் பாவித்துப் பார்த்து எழுதத் தொடங்கியது. 1909இல் இருந்து பரிசோதனையில் தேறிய பொருட்களுக்குத் தன் முத்திரையைக் கொடுத்தது. முத்திரை பெற்ற பொருள் குறைபாடுடையதாக இருந்தால் மாற்றிக் கொடுப்பது அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்ற உத்தரவாதமும் அதனோடு சேர்ந்தது. 1952இல் சிகரெட் விளம்பரங்களை ஏற்பதை நிறுத்தியது. புகைத்தலின் தீமை பற்றிய அமெரிக்க அரசின் பிரபல சுகாதார அறிக்கை வெளிவந்தது 1964இல்தான். பன்னிரண்டு வருடம் முன்னதாகவே பெரிய வருமானம் ஒன்றை அச்சஞ்சிகை விட்டுக்கொடுத்தது.

நம்பிக்கை மட்டும் போதுமா என்றால், போதாது. 2005இல் அமெரிக்காவில் “டொமினோ” என்ற வீட்டு அலங்காரச் சஞ்சிகை வந்தது. இளம் குடும்பங்கள் அதை விரும்பி வாசித்தன. ஆனால் 2008இன் பொருளாதார நெருக்கடியில் வீடு, தளபாட விளம்பரங்கள் வீழ்ச்சியடைந்தன. 2009இல் அது மூடப்பட்டது. வாசகர் இருந்தனர், விளம்பரதாரர் இல்லை. 2013இல் அது வேறு வழியில் மீண்டும் வந்தது. ஒரே வருமானத்தில் நிற்கும் எந்த வியாபாரத்துக்கும் இது எச்சரிக்கை.

விலைப் பட்டியலைச் சஞ்சிகையாக்கியவர்கள்

சுவீடன் நாட்டின் ஐக்கியா தளபாட நிறுவனம் 1951இல் தன் முதல் விலைப் பட்டியல் புத்தகத்தை வெளியிட்டது. காலப்போக்கில் கதிரையைத் தனியாகப் படம் எடுத்துப் போடுவதைவிட, முழு அறையையும் அமைத்து, அதற்குள் அந்தக் கதிரையை வைத்துக் காட்டுவதே அதன் பாணியாகியது. சிறிய அறையில் இரண்டு பிள்ளைகள் எப்படிப் படிப்பது, ஒடுங்கிய சமையலறையில் பாத்திரங்களை எங்கே அடுக்குவது என்று அந்தப் படங்கள் காட்டின. விலையும் பக்கத்திலேயே இருந்தது. மக்கள் அதை விளம்பரம் என்று எறியவில்லை, சஞ்சிகைபோல வைத்து வாசித்தார்கள். 2016இல் 32 மொழிகளில் சுமார் 20 கோடிப் பிரதிகள் விநியோகிக்கப்பட்டன. மக்கள் இணையத்துக்கு மாறிவிட்டதால் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. புத்தகம் நின்றாலும் அந்த முறை நிற்கவில்லை. இன்று தளபாடம் விற்கும் இணையப் பக்கங்கள் எல்லாம் அறையை அமைத்தே பொருளைக் காட்டுகின்றன.

நேரம் தவறினால் பயனில்லை

வெளிநாட்டு மாதச் சஞ்சிகைகள் பல மாதங்கள் முன்னரே தயாராகின்றன. நத்தார் இதழுக்கான படங்களைக் கோடை காலத்திலோ முந்திய வருடத்திலோ எடுத்துவிடுவார்கள். வாசகர் கைக்கு இதழ் வரும்போது அவருக்குச் செய்து பார்க்க நாட்கள் இருக்க வேண்டும்.

நமது வீடுகளில் பெயின்ட் அடிப்பதும் திரைச்சீலை மாற்றுவதும் பெரும்பாலும் நோன்புப் பெருநாளை ஒட்டியும் கல்யாணத்தை ஒட்டியும்தான். பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது யோசனை சொல்லிப் பயனில்லை. தையற்காரர் துணி வாங்குவதை நிறுத்தியிருப்பார், பெயின்ட் பாஸ்மார் கிடைக்கமாட்டார்கள். நோன்பு தொடங்க ஒரு மாதம் முன்னர் சொல்ல வேண்டும். அதேபோல மழைக்காலத்துக்கு முன்னர் சுவர் ஈரம் பற்றியும், பாடசாலைத் தவணை ஆரம்பத்தில் பிள்ளைகளின் படிப்பு மேசை பற்றியும் எழுதினால் வாசகர் அன்றே எழுந்து வேலையைத் தொடங்குவார்.

ஒரு தம்பியின் கேள்வி

கட்டாரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டு வந்த ஒரு தம்பி என்னிடம் ஆலோசனை கேட்டார். தமிழில் வீட்டு அலங்காரச் சஞ்சிகை ஒன்றை ஆரம்பிக்க வேண்டுமாம். 64 பக்கம், முழுவதும் வர்ணம், பளபளப்பான தாள், மாதம் ஒருமுறை. சேமிப்பு முழுவதையும் போடத் தயாராக இருந்தார்.

மூன்று விடயங்களைக் கேட்டேன். நான்காவது இதழுக்கு விளம்பரம் தருபவர் யார்? முதல் இதழுக்குச் சொந்தக்காரரும் கூட்டாளிகளும் தருவார்கள், நான்காவதில்தான் சோதனை. விற்காத பிரதிகள் திரும்பி வந்தால் அவற்றின் செலவை எங்கே போடுவீர்கள்? ஏஜன்ட்மார் விற்ற பிரதிக்குத்தான் பணம் தருவார்கள், அதிலும் தங்கள் தரகைக் கழித்துக்கொள்வார்கள். தாள் விலை ஏறினால் என்ன செய்வீர்கள்? டொலர் இல்லாமல் 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாடு வந்தபோது சில பத்திரிகைகள் அச்சுப் பதிப்பை நிறுத்தியதையும், மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை.

பிறகு என் யோசனையைச் சொன்னேன். “தம்பி, 64 பக்கம் வேணாம். பதினாறு பக்கம் போதும், அச்சகத்தில் அது கணக்கா வரும். மாதம் ஒண்டும் வேணாம், மூணு மாதத்துக்கு ஒண்டு. முதல் இதழ் அச்சுக்குப் போக முன்னுக்கு மூணு இதழுக்கான விடயம் கையில இரிக்கணும். ஊரில பத்து வீட்டைப் பாருங்க. உம்மாவையும் தாத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க.”

கடைசி வார்த்தைக்குக் காரணம் உண்டு. குசினியில் என்ன இடைஞ்சல், எந்த அலுமாரிக் கதவு முழங்காலில் இடிக்கின்றது என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். நம் வீடுகளுக்குள் படம் எடுப்பதற்கும் பெண்கள் போனால்தான் கதவு திறக்கும். வீட்டுக்காரரின் அனுமதி, ஆட்கள் இல்லாத படம், முகவரி போடாத குறிப்பு, இவை மூன்றும் கட்டாயம். ஒருவர் வீட்டை ஊருக்குக் காட்டுவது ஓர் அமானிதம்.

அவர் சேமிப்பை இன்னும் தொடவில்லை. தாத்தாவோடு போய் நான்கு வீடுகளைப் பார்த்து அளவு எடுத்திருக்கின்றார் என்று கேள்விப்பட்டேன். நல்ல ஆரம்பம்.

பொறாமையை விற்க வேண்டாம்

வீட்டுச் சஞ்சிகையில் ஓர் ஆபத்தும் உண்டு. படத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டையே வெறுக்கும் மனநிலையை அது உண்டாக்கலாம். பெருநாளுக்காகத் தவணை முறையில் சோபா எடுத்து, அடுத்த பெருநாள் வரும்வரை கட்டி முடிக்காத குடும்பங்களை வியாபாரிகளாகிய நாம் பார்க்கின்றோம். அன்றைய நாள் விற்பனை நமக்கு நல்லதுதான். ஆனால் கடனில் இருக்கும் குடும்பம் அடுத்த இரண்டு வருடம் கடைப் பக்கம் வராது, வேறு கடைக்கும் போகாது.

மாறாக, இருக்கும் சோபாவுக்குப் புது உறை தைப்பது எப்படி, அலுமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றினால் அறை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று சொல்லுங்கள். நாலு யார் துணி வாங்க வருவார்கள். அவர்களே மகளின் கல்யாணத்துக்கு நாற்பது யாருக்கும் வருவார்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. உங்கள் கடையில் வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வேலைக்கு நிற்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள், அவர்களுக்கு அதிகம் தெரியும்.

2. அவற்றில் ஒன்றுக்கு அளவு, கணக்கு, ஏறத்தாழ செலவு ஆகியவற்றோடு ஒரு தாளில் பதில் தயாரியுங்கள். கடையின் பெயர் கீழே சிறிதாக இருந்தால் போதும்.

3. நம் ஊர் வீடொன்றின் “முன்னர் – பின்னர்” படத்தை, சொந்தக்காரரின் அனுமதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. நீங்கள் விற்காத பொருள் அந்த வேலைக்குப் பொருத்தமானது என்றால் அதையும் குறிப்பிடுங்கள். மற்றதையெல்லாம் நம்புவதற்கு அந்த ஒரு வரி காரணமாகும்.

5. பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்னர் அதைக் கொடுக்கத் தொடங்குங்கள்.

ஒரு மாதம் கழித்து யாராவது அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தால், அதை நன்றாகப் பாருங்கள். எந்த வரியின் கீழ் பேனையால் கோடு போட்டிருக்கின்றார்களோ, அடுத்த தாளை அந்த வரியில் இருந்து தொடங்குங்கள்.